கேசட்டில் வந்த 'வாரேன்'

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவிலிருந்து தினமும் பஸ் ஏறிப்போய், கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் பாடம் நடத்தினேன். அங்கே என் கோபத்துக்கே தண்ணி காட்டியவள் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. பகல் முழுக்க ஒழுங்காக இருப்பாள். வீட்டுக்குப் போகும் மணி அடித்தால் போதும், புத்தகத்தைக் கிழிப்பாள், அகப்பட்டவரைக் கடிப்பாள். என் கையிலும் அவள் பல் பதிந்தது. பள்ளித் தவணை முடியும்வரை வீட்டிலேயே இருக்கட்டும், அப்புறமும் இப்படியே என்றால் பெயரை வெட்டிவிடுவேன் என்றார் தலைமையாசிரியர். எனக்கு மனசு கேட்கவில்லை. கடித்தாலும் என் பிள்ளை.

அவர்கள் குடியிருந்த லயத்து வீடு தோட்டத்தின் உள்கோடியில் இருந்தது. வீட்டில் ஒரு டேப் ரேடியோ உண்டு. என் வாடகை அறையில் உட்கார்ந்து பாடங்களைக் கேசட்டில் பேசிப் பதிந்தேன். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துவிட்டு வரும் அவள் அம்மா பள்ளியில் வந்து வாங்கிப்போவார். ஒரு வாரத்தில், உடைந்த ரேடியோ மூடியோடு வந்து நின்றார்.

"பாடம் நல்லாத்தான் கேக்குறா டீச்சர். நீங்க 'பாடம் முடிந்தது'ன்னு சொன்னதும் தூக்கி அடிக்கிறா. அவ அப்பா காம்பாருக்கு வேலைக்குப் போறப்ப 'போறேன்'னு மட்டும் சொல்லிட்டுப் போனாரு. ஆளு வரவே இல்லலா."

நம் வீடுகளில் யாராவது 'போறேன்' என்று சொல்லிக் கிளம்புவார்களா? 'வாரேன்' என்றுதானே சொல்வோம். வாத்தியார்த் தமிழில் எனக்கு அது மறந்தே போயிருந்தது. அடுத்த கேசட்டின் கடைசியில், "டீச்சர் வாரேன் புள்ள" என்றேன். அதற்கப்புறம் ரேடியோ தப்பித்தது.

தவணையின் கடைசி வாரம் ஒரு கேசட் திரும்பி வந்தது. என் குரல் முடிந்த இடத்தில் அவள் குரல்: "டீச்சர், வாரேன்." அவ்வளவுதான். தோட்டத்தை விட்டே கிளம்புகிறார்கள், பிள்ளை விடைபெற்றுக்கொள்கிறாள் என்று நினைத்து விடுமுறை முழுக்க அழுதேன்.

புதுத் தவணையின் முதல் நாள், வகுப்பு வாசலில் பையோடு நின்றாள். வருவதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அதட்டினேன். சந்தோஷத்திலும் எனக்கு அதட்டத்தான் வரும்.

"வாரேன்னு சொன்னேன்ல டீச்சர்."

அன்று வீட்டுக்குப் போகும் மணி அடித்தபோது தலைமையாசிரியர் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். அவள் புத்தகங்களைப் பையில் அடுக்கி, என் முன்னால் வந்து, "வாரேன் டீச்சர்" என்றாள்.

"வா புள்ள" என்றேன்.