மாலை போட்ட படம்

கொழும்பில் ஒரு தொலைக்காட்சியின் விளையாட்டுப் பிரிவுக்குப் பல வருடங்கள் தலைவனாக இருந்துவிட்டு, யாழ்ப்பாணம் திரும்பி, உதைபந்தாட்டப் போட்டிகளை இணையத்தில் நேரலையாகக் காட்டும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினேன். தலைவனும் நான்தான், வயர் சுற்றுபவனும் நான்தான். கர்வம் மட்டும் கொழும்பில் இருந்த அளவிலேயே இருந்தது.

இங்கே அநேகமான கிண்ணப் போட்டிகள் இறந்துபோன வீரர் ஒருவரின் ஞாபகார்த்தமாகவே நடக்கும். இறுதிப் போட்டிக்கு முன் அவர் படத்தை நேரலைத் திரையில் காட்டி ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்துவது வழக்கம். குருநகரில் நடந்த அந்தப் போட்டி, வீதி விபத்தில் இறந்த இளம் கடற்றொழிலாளி ஒருவரின் பெயரில். கழகத்தார் ஒரு பழைய அணிப் படத்தை அனுப்பியிருந்தார்கள். அதில் அவரும் அவருடைய அண்ணனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், ஒரே முகவெட்டு. யாரிடமாவது காட்டிக் கேட்டிருக்கலாம். நானா கேட்பேன்? ஒரு முகத்தை வெட்டியெடுத்து, மாலை வைத்து, போட்டுவிட்டேன். அது அண்ணனின் முகம்.

அண்ணன் அன்று விடியவே கடலுக்குப் போனவர். மத்தியானம் திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் அவருடைய மனைவி எனக்குத் தொலைபேசி எடுத்தார். பிரான்சில் இருக்கும் மச்சாள் எங்கள் நேரலையைப் பார்த்துவிட்டு அவருக்கு எடுத்துக் குழறி அழுதாளாம்.

"அண்ணை, என்ரை மனுசன் இன்னும் கரைக்கு வரேல்லை. உங்களுக்கு ஆர் சொன்னது? அவரை எங்கை வைச்சிருக்கினம்?"

"ஐயோ தங்கச்சி, ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. நான் படத்தை மாறிப் போட்டிட்டன்."

"எனக்கு மறைக்காதேங்கோ."

என்ன சொல்லியும் அந்தப் பெண் நம்பவில்லை. போகப் போக, அவர் உயிரோடு இருக்கிறார் என்ற நம்பிக்கை எனக்கே போய்விட்டது. என் வேலை வாழ்க்கையில் முதன்முறையாக ஓடிக்கொண்டிருந்த ஒளிபரப்பை விட்டுவிட்டுக் கரைக்கு ஓடினேன். அங்கே அந்தப் பெண் தலையில் கைவைத்தபடி இருந்தார். சுற்றி நின்ற பெண்கள் என்னைச் சாவுச் செய்தி கொண்டுவந்தவனைப் போலப் பார்த்தார்கள்.

அரை மணித்தியாலம் கழித்து, ஒரு படகு இன்னொரு படகைக் கட்டியிழுத்துக்கொண்டு வந்தது. பின்னால் வந்த படகில் அண்ணன் நின்றார். எஞ்சின் பழுதாம், அவ்வளவுதான். மணலில் குந்தியிருந்து, வெட்கமில்லாமல் அழுதேன். மனைவி தண்ணீருக்குள் இறங்கி அவருடைய நெஞ்சில் அடித்துவிட்டு, பிறகு அந்த நெஞ்சிலேயே சாய்ந்துகொண்டார்.

விசயத்தைச் சொன்னதும் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "படத்திலை வடிவாய் இருந்தனானோ அண்ணை?"

பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "அப்ப என்ரை தம்பியின்ரை படம்?"

உயிரோடு இருந்தவரைச் சாகடித்ததற்குத்தான் அதுவரை பயந்திருந்தேன். செத்தவரை மறந்தே போயிருந்தேன்.

இடைவேளைக்கு அவரை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு கமராவுக்கு முன்னால் நின்று ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நான் இருக்கிறன், ஒருத்தரும் அழாதேங்கோ. போனவன் என்ரை தம்பி. அவனுக்கு எழும்பி நில்லுங்கோ."

தம்பியின் முகம் திரையில் வந்தது. இம்முறை அண்ணனிடம் காட்டிக் கேட்டுத்தான் போட்டேன். சனம் முழுவதும் எழுந்து நின்றது. ஒரு நிமிடம் எப்போதோ கடந்துவிட்டது. அவர் தலை நிமிரும்வரை ஆட்டத்தைத் தொடங்கச் சொல்லி நான் சைகை காட்டவில்லை.