கையைத் தூக்கச் சொல்லும் டெய்லரக்கா

“கையத் தூக்கு. இன்னும் மேல. இறக்காத, இறக்காத!”

புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்க வந்த பள்ளிக்கூடத்துப் பெண், போலீஸிடம் மாட்டிக்கொண்ட திருடனைப் போல இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அக்குளில் தையல் பிடிக்கிறதா என்று பார்த்தாயிற்று. ஆனாலும் டெய்லரக்கா விடுவதாக இல்லை. “இப்ப குனிஞ்சு கால் விரலைத் தொடு. போனைப் பாத்துப் பாத்து இந்த வயசுலயே முதுகு வளைஞ்சு கெடக்கு. நான் எங்கேருந்து அளவு எடுக்கறது?” சட்டைக்குத்தானே வந்தோம், இதென்ன டிரில் வகுப்பு என்று கேட்கிற துணிச்சல் அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது.

அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கழுத்தில் அளவு நாடா, உதட்டோரம் குண்டூசி. குண்டூசியைக் கடித்துக்கொண்டே அவர் பேசுகிற பேச்சைக் கேட்டால், எங்கே விழுங்கிவிடுவாரோ என்று நமக்குத்தான் பயமாக இருக்கும்.

ஆளுக்கேற்ற டிரையல் வைத்திருக்கிறார். கைக்குழந்தைக்காரி வந்தால் குரல் தானாக இறங்கிவிடும். “டாக்டர் சரின்னுட்டாங்களா? இன்னும் இல்லையா? அப்ப குதிக்கிறதெல்லாம் வேண்டாம் கண்ணு. மூச்சை இழுத்து விடு, சாயங்காலம் மெதுவா நட, போதும்.” தும்மினாலே சிறுநீர் கசிகிறது என்று ஒருத்தி காதோடு சொன்னபோது, “அட, இதுக்குப் போய் வெக்கப்படுவாங்களா? அதுக்குன்னே பயிற்சி இருக்குடி” என்று, தனக்குத் தெரிந்த பிசியோதெரபி அம்மாவிடம் கையோடு அழைத்துப் போனார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை வந்தாலோ, தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். “நல்லாப் பிடிச்சுக்குங்க டீச்சர். விழுந்தா இடுப்பும் போச்சு, என் சட்டையும் போச்சு.” ஊரையே மிரட்டிய டீச்சர் மெஷினை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்கு ஒரு கதை உண்டு. துணி வெட்ட அக்காவுக்குத் தரைதான் வேண்டும். மேசையில் போட்டால் துணி சொன்ன பேச்சைக் கேட்காதாம். இந்த வருஷ ஆரம்பத்தில், மாதவிடாய் நின்ற கொஞ்ச நாளில், வெட்டி முடித்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தால் முடியவில்லை. பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற கணவர் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார். இழுத்ததில் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. புருஷனும் பெண்டாட்டியும் வெட்டுத்துணிக் குவியலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பக்கத்துக் கடைக்காரர்தான் வந்து தூக்கிவிட்டார். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் அக்கா அழுதுவிட்டார்.

“போதும்மா, கடையை வாடகைக்கு விட்டுடலாம்” என்றார் டிரைவர்.

“கடையை விட்டுட்டு? நான் உங்க மூஞ்சியைப் பாத்துட்டு உக்காந்திருக்கவா? வருஷக் கடைசி வரைக்கும் டைம் குடுங்க. யார் கையையும், எதையும் பிடிக்காம தரையிலேருந்து எழுந்து காட்டறேன். முடியலேன்னா சாவியை நானே தர்றேன்.”

இந்த வயதில் எலும்பு வலு குறையும், நடந்தால் மட்டும் போதாது, தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும் என்றார் பிசியோதெரபி அம்மா. அக்கா துணி மூட்டைகளை அடுக்கி, அதன்மேல் உட்கார்ந்து எழுந்தார். பழகப் பழக ஒவ்வொரு மூட்டையாக உருவினார். தனியாகச் செய்ய அலுப்பாக இருந்ததால், வருகிறவர்களையெல்லாம் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். அதில் தொழிலுக்கே வேட்டு. “போன மாசம் தைச்சது இந்த மாசம் தொளதொளங்குது. நானே சொல்லிக்குடுத்து, நானே ஓசியில பிடிச்சுத் தைக்கறேன். என் புத்தியை என்ன சொல்ல!” புலம்பும்போது முகமெல்லாம் பூரிப்பு.

கடைசி மூட்டைதான் சண்டித்தனம் செய்தது. அதை எடுத்துவிட்டால் கை தானாகப் போய் மெஷின் காலைப் பிடித்துக்கொள்ளும். அதற்குள் வருஷமும் முடியப்போகிறது. கெடுவை மறக்காத டிரைவர், செருப்புக்கடை வைக்க இடம் தேடிய ஒருவரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

டீச்சர் டிரையலுக்காகக் காத்திருந்தார். அக்கா வெறுந்தரையில் உட்கார்ந்து, விரித்த வெள்ளைத் துணியை வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. கத்தரிக்கோல் மட்டும் வழக்கத்தைவிட மெதுவாகப் போனது.

“இந்தச் சுவர் முழுக்க அலமாரி அடிச்சிடலாம்” என்று அண்ணாந்து பார்த்தபடி வந்தவர், பூட்ஸ் காலோடு துணியில் ஓர் அடி வைத்தார்.

“ஐயையோ, துணி!”

ஒரு கையில் கத்தரிக்கோல், மறுகையில் அள்ளிய துணி. அக்கா நின்றுகொண்டிருந்தார்.

தூக்கிவிடுவதற்காகக் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டிய டிரைவர் நீட்டியபடியே இருந்தார். “எதைப் பிடிச்சு எழுந்த?”

அக்கா தன் கைகளைப் பார்த்தார். “எதையும் பிடிக்கலியே! டீச்சர், நான் எதையும் பிடிக்கலியே!” டீச்சர் கைதட்டினார். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்துகொண்டு வந்தன.

“அப்ப... நான் இன்னொரு நாள் வரட்டுமா?” என்றார் வந்தவர்.

“எதுக்கு? சட்டை தைக்கணும்னா வாங்கண்ணே.”

அவர் போன பிறகும் டிரைவர் நிமிரவில்லை. சந்தோஷத்தில் அல்ல, இடுப்பு மறுபடியும் பிடித்துக்கொண்டது. அக்கா மெல்லத் தாங்கி அவரை நிமிர்த்தினார். கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவிக்கொண்டு எதிரே போய் நின்றார்.

“கையத் தூக்குங்க. இன்னும் மேல.”

டிரைவர் தூக்கினார்.