கருவாடாக இருந்திருந்தால்

சாப்பாட்டைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவள் நான். வார இதழில் சமையல் பக்கம், இணையத்தில் ஒரு தொடர், இரண்டு புத்தகங்கள். யார் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாலும் காபி வருவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும். "மேடம், நீங்க வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" எல்லாம் சாப்பிடுவேன் என்றால் உடனே ஒரு பாராட்டு. "அப்படியா! உங்களப் பாத்தா தெரியவே இல்லையே!" பாராட்டாம்! மீன் சாப்பிடுகிறவள் கன்னத்தில் செதில் முளைத்திருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ. ஆரம்பத்தில் சிரித்து மழுப்புவேன். இப்போதெல்லாம், "பாத்தா தெரியறதுக்கு நான் என்ன பண்ணணும், சொல்லுங்க" என்று கேட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டாவது காபி கிடைப்பதில்லை.

பத்திரிகைகள் மட்டும் என்ன யோக்கியம்? புரட்டாசி பிறந்தால் என் பக்கத்தில் ஆட்டுக்கும் மீனுக்கும் கட்டாய விடுமுறை. சாம்பார் என்றால் அது சமையல். நண்டு வறுவல் என்றால் 'அசைவ ஸ்பெஷல்' என்று தனி இணைப்பு. மீன் தலையைப் படத்தில் காட்ட வேண்டாம், வாசகர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அலுவலகத்திலிருந்து போன் வரும். தலையில்லாத மீன் எந்தக் கடலில் நீந்துகிறது என்று கேட்டேன். "மேடம், நீங்க ரொம்ப டென்ஷன் ஆகுறீங்க" என்றார் அந்தத் தம்பி. ஆமாம், ஆகிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. என் மூன்றாவது புத்தகம் முழுக்கத் தாளிப்பைப் பற்றியது. அதை எழுதிக்கொண்டிருந்தபோது ராஜகீழ்ப்பாக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு அடுக்ககத்தில் வாடகைக்கு இருந்தோம். ஹவுஸ் ஓனர் அந்த ஊர்க்காரர். அவருடைய அப்பா நெல் பயிரிட்ட நிலத்தை பில்டருக்குக் கொடுத்துவிட்டு, பங்காகச் சில வீடுகளை வாங்கிக்கொண்டவர். வீடு பார்க்கப் போன அன்றே வெளிப்படையாகச் சொன்னார்.

"துன்றது உங்க இஷ்டம்மா. மீன் இல்லாங்காட்டி எனக்கே சோறு எறங்காது. வாசனை மட்டும் வெளிய போவாம பாத்துக்க. அசோசியேசன்ல சும்மா பேஜார் பண்ணிகினு கீறாங்க."

அவர் நிலம், அவர் வீடு, அவரே பயப்படுகிறார்! அன்றைக்கே நான் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் சமையலறையைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன். காலை வெளிச்சம் நேராக மேடை மேல் வந்து விழும். படம் எடுக்க விளக்கே வேண்டாம். இருபது வருஷமாக மூலை முடுக்குகளில் சமைத்தவளுக்கு அது அரண்மனை. மீன் வறுக்கும்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வேர்த்து வடிய வடிய நின்று வறுத்தேன். புத்தகத்தை அந்த அடுப்படியிலேயே முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் வந்தது. அதே மாதம்தான் மொட்டை மாடியில் வடகம் போட்டேன்.

வற்றல் வடகம் இல்லை, தாளிப்பு வடகம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் நறுக்கி, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள் எல்லாம் போட்டுப் பிசைந்து வெயிலில் பரப்ப வேண்டும். சாயங்காலம் அள்ளி மறுபடி பிசைய வேண்டும். விளக்கெண்ணெய் தொட்டு உருட்டித் திரும்பவும் காய வைக்க வேண்டும். பாதி காய்ந்த நிலையில் ஒரு நாற்றம் கிளம்பும் பாருங்கள், தெருவையே தூக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு அதுவே மணம். எண்ணெயில் ஒரு சிட்டிகை பொரிந்தால் போதும், குழம்பு எழுந்து உட்காரும். என் புத்தகத்தில் அதற்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருந்தேன்.

அந்த நாறும் கட்டத்தில், ஒரு மத்தியானம், உருண்டைகளைத் திருப்பிப் போட மாடிக்குப் போனேன். விரித்திருந்த வேட்டி மடித்துக் கைப்பிடிச் சுவரில் போடப்பட்டிருந்தது. வடகத்தைக் காணோம். காக்காய் தூக்கியிருந்தால் வேட்டியை மடித்தா வைக்கும்? கீழே இறங்கி வந்து தேடினேன். குப்பைத் தொட்டியில், யார் வீட்டு டயப்பருக்கோ பக்கத்தில், என் உருண்டைகள் கிடந்தன.

யார் செய்த வேலை என்று கேட்கப் போனை எடுத்தால், அடுக்ககத்து வாட்ஸ்அப் குரூப்பில் அதற்குள் படமே வந்திருந்தது. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் போட்டிருந்தார். அவர் ரிட்டயர் ஆன அதிகாரி, எல்லோருக்கும் "சார்". 'மொட்டை மாடியில் கருவாடு காய வைக்கப்பட்டிருந்தது. அகற்றப்பட்டுவிட்டது. இது குடும்பங்கள் வசிக்கும் இடம் என்பதைக் குடியிருப்போர் நினைவில் கொள்ளவும்.' கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், கட்டைவிரல்கள்.

கருவாடாம்! வெங்காயத்தையும் பூண்டையும் முகர்ந்து பார்த்துக் கருவாடு என்று தீர்ப்பு எழுத இவர்களால்தான் முடியும். குடும்பங்கள் வசிக்கும் இடமாம். அப்படியானால் நானும் என் கணவரும் யார், லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறோமா?

கொஞ்ச நேரத்தில் ஹவுஸ் ஓனர் கூப்பிட்டார். "இன்னாமா இது, கருவாடு போட்டியாமே? அக்ரிமெண்ட் போடாதன்னு அந்தாளு என்னாண்ட சொல்றாரு."

"அது வடகம்ங்க. வெங்காய வடகம்."

மறுமுனையில் பெருமூச்சு. "அட, அத்த சொல்லிட்டா முடிஞ்சிடுச்சுமா! ஞாயித்துக்கெழம அசோசியேசன் மீட்டிங்ல வந்து வடகம்னு சொல்லிடு. அவங்களே சாரி கேப்பாங்க. நீ பாட்டுக்கு இரு."

என் கணவரும் அதையேதான் சொன்னார். "ஒரு வார்த்தை வடகம்னு சொல்லிட்டு வாயை மூடிக்கோ. வேற ஒண்ணும் பேசாத. வீடு நமக்கு முக்கியம்." எனக்கும் முக்கியம்தான். பேசவே கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம். நான் வடகம் என்றேன். என்னென்ன சேர்த்தேன் என்றும் சொன்னேன். செயலாளர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அடடா! வடகமா! மேடம், நாங்க கருவாடுன்னு நெனச்சுட்டோம். தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டோம். ரொம்ப சாரி மேடம்."

எல்லோருக்கும் நிம்மதி. சிரிப்பு. முதல் மாடியில் இருக்கும் டீச்சர், "மேடம், அந்த ரெசிப்பிய குரூப்ல போடுங்களேன்" என்றார். யாரோ டீ சொல்லப் போனார்கள். என் கணவர் எழுந்திருக்கச் சொல்லி என் கையைத் தொட்டார். எழுந்திருந்தால் அந்த வெளிச்சமும் அந்த அடுப்படியும் இன்றைக்கும் எனக்குத்தான்.

ஆனால் அந்த மன்னிப்பு என் தொண்டையில் முள் மாதிரி மாட்டிக்கொண்டது. துப்பவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை.

"சார், கருவாடா இருந்திருந்தா?" என்றேன்.

அவர் சிரிப்பு குறையாமலே சொன்னார். "அது வேற விஷயம் மேடம்."

"என்ன வேற? கருவாடா இருந்தா என் பொருளை எடுத்துக் குப்பைல போடலாமா?"

"அதான் இல்லைன்னு ஆயிடுச்சே மேடம். அப்புறம் ஏன் அந்தப் பேச்சு?"

"அப்போ நீங்க சாரி கேட்டது என்கிட்ட இல்ல சார், வெங்காயத்துக்கிட்ட."

என் கணவர் கையை எடுத்துக்கொண்டார். ஆரம்பித்தாயிற்று, இனி என்ன என்று மீதியையும் சொன்னேன். "இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க. அந்த வடகம் மீன்குழம்புல தாளிக்கறதுக்காகப் போட்டது. மீன்குழம்பை நான் வெளியில இருந்து வாங்கிட்டு வரல, உள்ளதான் சமைக்கறேன். வந்த நாள்ல இருந்து, ஜன்னலைச் சாத்திக்கிட்டுத் திருடி மாதிரி சமைக்கறேன்."

செயலாளர் முகம் சுருங்கியது. ரெசிப்பி கேட்ட டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். டீ வந்தது, எனக்கு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஹவுஸ் ஓனர் போனில் கெஞ்சாத குறையாகத் திட்டினார். "ஒரு வார்த்தைல முடிய வேண்டிய மேட்டரும்மா இது! கம்முனு இருந்திருக்கலாம்ல?" அவரைச் சொல்லி என்ன பயன்? தன் நிலத்தின் மேல் நின்றுகொண்டே கம்மென்று இருக்கப் பழகிவிட்ட மனிதர். என் கணவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே சேலையூரில், கேம்ப் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு தனி வீட்டின் மாடியைப் பார்த்துவிட்டு வந்தார். சமையலறையில் பகலிலும் விளக்குப் போட வேண்டும்.

சாமான்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்த காலையில், முதல் மாடி டீச்சர் படியில் எனக்காக நின்றிருந்தார். மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை. பிறகு குரலைத் தாழ்த்தி, "மேடம், மீன்குழம்புல அந்த வடகத்த மொதல்ல போட்டு வதக்கணுமா, எறக்கறப்போ தாளிச்சுக் கொட்டணுமா?" என்று கேட்டார்.

"நீங்க மீன் சாப்பிடுவீங்களா?"

"எங்க வீட்ல எல்லாரும் சாப்பிடுவோம் மேடம். அம்மா வீட்டுக்குப் போறப்ப."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. "அப்போ அன்னிக்கு மீட்டிங்ல வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? 'நானும் சாப்பிடுவேன்'னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் இன்னிக்கு மூட்டை கட்டுவேனா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் கையிலிருந்த குக்கரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க வாடகைக்கு இருக்கீங்க மேடம், பேசிட்டுக் கெளம்பிட்டீங்க. நாங்க லோன் போட்டு வாங்கிட்டோமே."