கடல் தள்ளிய ராசா

சாம்பல்தீவுத் தம்பு செஸ் ஆட உட்கார்ந்தால் ஜப்பான்காரனின் விமானங்கள்கூடத் துறைமுகத்துக்கு மேலே வட்டமடித்து வேடிக்கை பார்க்கும்; ஆட்டம் முடிந்த பிறகுதான் குண்டு போடும். சரி, இது கொஞ்சம் கூடத்தான். குண்டு முதல்நாள் காலையில் விழுந்தது, ஆட்டம் மறுநாள் பின்னேரம் நடந்தது. மற்றதெல்லாம் உண்மை.

தம்புவும் குறிஞ்சாக்கேணி அப்துல் மஜீதும் ஒரே லோஞ்சை, துறைமுக மோட்டார்ப்படகை, மாறி மாறி ஓட்டுகிறவர்கள்; மூத்தவரான மஜீது தம்புவுக்கு 'நானா', அண்ணன். குண்டு விழுந்ததிலிருந்து இருவரும் வீட்டுப் பக்கம் போகவில்லை. தம்புவின் மனைவி பத்மாசனிக்கு நிறைமாதம். ஊர்ச்சனம் காட்டுக்குள் ஓடுகிறது என்று கேள்வி. மஜீதுக்கும் மனைவி ஸல்ஹாவும் பிள்ளைகளும் என்ன ஆனார்களோ என்ற கவலை. ஒருவருக்கு மட்டும் லீவு, யாரென்று நீங்களே முடிவெடுங்கள், சங்கு ஊதினால் துறைமுக வாசலைப் பூட்டிவிடுவோம் என்று சொல்லிவிட்டு அதிகாரி போய்விட்டார்.

அவர்களுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். என்ஜின் மூடியில் சோக்கட்டியால் கட்டம் கீறினார்கள். என்ஜினுக்கு எண்ணெய் விடும் றஊப் பக்கத்தில் கண்ணை மூடிக் கிடந்தார்.

வழமையான ஆட்டத்தில் ஒருவர் மனம் மற்றவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதனால் பின்வரிசைக் காய்களைத் துணிப்பையில் குலுக்கி, வந்த வரிசைப்படியே இருவரும் அடுக்குவார்கள். கோட்டை கட்டும்போது மட்டும், கப்பல் எங்கிருந்து வந்தாலும் தன் துறையில் கட்டுவதுபோல, ராசா எங்கே தொடங்கியிருந்தாலும் வழமையாக ஒதுங்கும் கட்டத்துக்கே போவார். கோட்டை அவரைத் தாண்டி அடுத்த கட்டத்தில் நிற்கும். இரண்டில் எதுவும் அதற்குமுன் அசைந்திருக்கக் கூடாது. லோஞ்சு ஆடிக் காய் சரிந்தால், "கடல்" என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்து வைக்கவேண்டும். சொல்லாமல் தொட்டால் அது அசைந்த காய்.

அன்று பை தம்புவின் ராசாவை அந்த ஒதுங்கும் கட்டத்திலேயே இறக்கியது. மூலையில் கோட்டை அடைபட்டுக் கிடந்தது.

பாதி ஆட்டத்தில் ஒரு போர்க்கப்பல் உரசுவதுபோல் கடந்தது. லோஞ்சு தூக்கிப் போட்டது. சரிந்த காய்களை இருவரும் அவசரமாக நிமிர்த்தினார்கள். அதற்குப் பிறகு தம்புவின் ராசாவுக்கு நெருக்கடி. மஜீதின் குதிரை எப்படியோ பக்கத்தில் வந்து நின்றது. இன்னும் ஒரு நகர்த்தலில் எல்லாம் முடிந்துவிடும்.

அப்போதுதான் கண்டான். ராசாவுக்கு அடுத்த கட்டம் வெறுமை. அதற்கு நேரே மறுகரையில் மஜீதின் ராசா. கோட்டை அங்கே வந்தால் அவருக்குப் போக்கிடமில்லை. ஆனால் ராசாவை நிமிர்த்தியபோது "கடல்" சொன்னானா? வாயில் வெற்றிலை இருந்தது மட்டும்தான் நினைவு.

கோட்டையைத் தூக்கி ராசாவுக்கு அப்பால் வைத்தான்.

"ராசா அசையவே இல்லையே, தம்பு. இதென்ன கோட்டை கட்டுற?"

"அவர் தன்ரை துறையிலை நிக்கிறார், நானா. இனிக் கோட்டைதான் வரவேணும். செக்!"

மஜீது பலகையைப் பார்த்தார். பிறகு தம்புவின் முகத்தைப் பார்த்தார்.

"அலை அடிக்கக்குள்ள கடல் எண்டு சொன்னியா?"

"ஓம், சொன்னனான்."

மஜீது தன் குதிரையின் தலையை விரலால் தடவியபடி இருந்தார். பிறகு தன் ராசாவைப் படுக்கவைத்தார்.

"ஓடு. சங்கு ஊதப்போறான்."

தம்பு வாசலைத் தாண்டவும் சங்கு அலறவும் சரியாக இருந்தது. ஊரில் எல்லோரும் போயிருந்தார்கள்; பத்மாசனி மட்டும் வேலியைப் பிடித்தபடி வலியோடு நின்றாள். அவளை ஏற்றிய மாட்டுவண்டியிலேயே பிள்ளை பிறந்தது.

பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு மஜீது ஸல்ஹாவோடும் பிள்ளைகளோடும் வந்தார்; றஊபும் வந்தார். தம்புவுக்குத் தலைகால் தெரியவில்லை. "நான் 'கடல்' எண்டு போட்ட சத்தத்திலை அந்தக் கப்பலே திரும்பிப் பாத்தது!" என்றான்.

"நானாவும் கேட்டீங்களோ?" என்றாள் பத்மாசனி.

மஜீது பாயாசக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

"இவன் வாயே திறக்கல்ல, தங்கச்சி," என்றார் மூலையிலிருந்த றஊப். "நானாவும் திறக்கல்ல. அலை அடிக்க முந்தி அவர்ட குதிரை நிண்ட கட்டமே வேற."