கரோன் ஆற்றங்கரையில் ஒரு குடும்பப் படம்

விடுமுறைக்கு வந்த பிரான்சின் போர்தோ நகரில், கரோன் ஆற்றையொட்டிய பழைய சதுக்கத்தில் நிற்கிறேன். கல் தரையில் கணுக்கால்கூட நனையாத அளவுக்குத் தண்ணீரைப் பரப்பியிருக்கிறார்கள். எதிரே உள்ள பழைய மாளிகை அதில் தலைகீழாகத் தெரிகிறது. ஊரே செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடக்கிறது. நான் மட்டும் ஓரமாக நின்று ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே சாயங்காலம் ஆனால் அமெரிக்காவில், சன்னிவேலில் என் ஆபீஸ் திறக்கும் நேரம். எங்கள் டீமில் யாருக்கெல்லாம் வேலை இல்லை என்று இன்றைக்கு மெயில் வரும். வேலை போனால் விசாவும் போய்விடும்.

"அப்பா, கம் ஆன்! இட்ஸ் ஸோ கோல்ட்!" என்று மகள் தண்ணீரில் குதிக்கிறாள்.

"இங்க வந்துமா? குடுங்க அதை," என்று மனைவி ஃபோனைப் பிடுங்கி, நாயோடு வந்த உள்ளூர்ப் பெண்மணியிடம் படம் எடுக்கச் சொல்லிக் கொடுத்துவிடுகிறாள். நான் ஷூவோடே தண்ணீரில் இறங்கி அவர்கள் பக்கத்தில் நிற்கிறேன்.

பெண்மணி புருவத்தைச் சுருக்குகிறார். "ஏதோ மெயில் வந்திருக்கு. உங்க முகத்தை மறைக்குது," என்கிறார், தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில்.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்!" என்று கத்துகிறேன்.

"பரவாயில்ல, தள்ளிட்டேன். சிரிங்க."

ஃபோன் திரும்பி வந்ததும் மனைவி முதலில் படத்தைத்தான் திறக்கிறாள். படத்தில் அவளும் மகளும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். நான் கையை நீட்டிக்கொண்டு ஓடி வருகிறேன். என் காலடித் தண்ணீரில் இன்னொருவன் தலைகீழாக ஓடுகிறான்.