கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த இரண்டாம் பக்கம்

1. சாட்சிக் கூண்டு

"இது உங்க கையெழுத்துதானே?"

செங்கல்பட்டு கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் இப்படித்தான் ஆரம்பித்தார். அவர் நீட்டியது எங்கள் டிஸ்பென்சரியின் ஓ.பி. ரிஜிஸ்டர். யார் வந்தார்கள், என்ன நோவு, என்ன மருந்து என்று முப்பத்தோரு வருடம் நான் எழுதியது. அடித்தல் திருத்தல் ஒன்று கிடையாது. அவர் திருப்பிக் காட்டிய பக்கத்தில் சிவப்பு மையில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, முத்து முத்தாக இருந்தது: "நிறுவனர் நினைவு நாள். விடுமுறை."

"ஆமாங்க, நான்தான் எழுதினேன்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். மடையன்.

பார்மசி படித்துவிட்டு இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாத்திரை எண்ணுவதைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை. அதை நீங்களே கற்றுக்கொள்வீர்கள்.

2. முதல் நாள்

என் பெயர் கோதண்டம். சொந்த ஊர் அச்சரப்பாக்கம். கம்பவுண்டர் வேலைக்கு ஆர்டர் வாங்கிக்கொண்டு, மாமல்லபுரம் பக்கம் கடலோரத்தில் இருந்த அந்த டிஸ்பென்சரிக்கு வந்த அன்று, டிஸ்பென்சரியை நடத்திய கமிட்டியின் செயலாளர் என்னை மருந்து அறைக்குக் கூட்டிப் போகவில்லை. நேராகச் சுவரில் மாட்டியிருந்த ஒரு கண்ணாடிச் சட்டத்தின் முன்னால் நிறுத்தினார். "கும்பிட்டுக்கோப்பா. இதான் பெரியவர் குடுத்த தானப் பத்திரம்" என்றார். கும்பிட்டேன்.

பெரியவர் என்றால் வேதகிரியார். வெள்ளைக்காரன் காலத்து உப்பு வியாபாரி. இந்தக் கரையில் விளைந்த உப்பையும் சவுக்கு விறகையும் படகில் ஏற்றி, கால்வாய் வழியாகப் பட்டணத்துக்கு அனுப்பிப் பெரிய ஆளானவர். பிறகு எலெக்ஷனில் நின்று சட்டசபைக்குப் போனார். கவர்னர் கையால் பட்டம் வாங்கினார். வயதான காலத்தில் இந்த மீனவர் குப்பத்துக்கு இந்த டிஸ்பென்சரியையும் இரண்டு கட்டில் போட்ட பிரசவ அறையையும் கட்டிக் கொடுத்தார்.

நல்லவரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உப்பளத்தில் கால் வெந்து புண்ணானவர்களின் உழைப்பில்தான் அவருடைய பங்களா எழும்பியது. அந்தப் புண்ணுக்குக் கட்டுப் போட இடம் கொடுத்தவரும் அவர்தான். நான் அவரை ஒரு சாமி மாதிரி வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தச் சட்டத்துக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லி. பொட்டு வைத்து வைத்துப் பாதி எழுத்து மறைந்துபோயிற்று. மீதி எழுத்தை நான் படித்தேனா என்றால், இல்லை. கண்ணாடி வழியாகத் தெரிந்தது முதல் பக்கம் மட்டும்தான். அதற்குப் பின்னால் இன்னொரு பக்கம் அட்டையோடு ஒட்டிக் கிடந்தது எங்களில் யாருக்கும் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே விடுமுறை என்பதே இல்லை. பொங்கல், தீபாவளி, ஞாயிறு எதுவானாலும் முறை வைத்து யாராவது ஒருவர் கதவைத் திறப்போம். பின்கட்டிலேயே நர்ஸ் குடியிருந்தார். ஏன் இப்படி என்று கேட்டால், "வழக்கம்பா" என்பார்கள். கஞ்சத்தனமான வழக்கம் என்று நான் மனதுக்குள் திட்டிக்கொள்வேன்.

3. ஒரே ஒரு நாள்

கமிட்டி பணம் திரட்டிப் பெரியவருக்கு மார்பளவுச் சிலை செய்தது. தலைப்பாகை, கோட்டு, மீசை எல்லாம் அச்சு அசலாக வந்திருந்தன. அவர் நினைவு நாளிலேயே திறப்பு விழா. அன்று ஊசி, டிங்ச்சர் நாற்றம் எதுவும் வேண்டாம், ஒரு நாளாவது அவருக்கு முழு மரியாதை செய்வோம் என்று யோசனை சொன்னவன் நான்தான்.

கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து வந்துபோகும் டாக்டரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "லீவு எதுக்கு கோதண்டம்? மாலையைப் போட்டுட்டு வேலையைப் பார்ப்போமே" என்றார். "வருஷம் பூரா உழைக்கிறோம். ஒரு நாள் அவருக்காக விடக் கூடாதாம்மா?" என்று நான் முறுக்கிக்கொண்டேன். நர்ஸையும் ஊருக்கு அனுப்பிவைத்தேன். ரிஜிஸ்டரில் சிவப்பு மையால் எழுதினேன். கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டேன்.

வெளியே பந்தலில் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தபோது காத்தாயி வந்தாள். குப்பத்தில் மீன் விற்கிறவள். வலையில் மீன் பிரிக்கும்போது திருக்கை முள் உள்ளங்கையில் ஏறி, கை தடித்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கி லீவும்மா" என்றேன்.

"இன்னா சாரு நீ! பெரியவரு செத்த நாளுல எங்களுக்கு நோவு வரக் கூடாதா?"

பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கதவைத் திறந்தேன். சூடு பொறுக்கிற அளவு வெந்நீரில் அவள் கையை வைத்து, முள்ளை எடுத்து, கழுவி, சீழ் பிடிக்காமல் மருந்து தடவி, ஜன்னி வராமலிருக்க டி.டி. ஊசி போட்டுக் கட்டும் கட்டினேன். முடித்ததும் மறுபடி பூட்டினேன். ரிஜிஸ்டரில் எழுதவில்லை. விடுமுறை என்று கோடு போட்ட பக்கத்தில் ஒரு பெயரை எழுதினால் பக்கம் அசிங்கமாகிவிடுமே என்று தோன்றியது. உண்மையான காரணம் அவ்வளவுதான்.

4. நகல்

சில வருடங்கள் கழித்து, கடற்கரையில் சொகுசு விடுதிகள் பெருகி, நிலம் பொன்னான பிறகு, பெரியவரின் கொள்ளுப்பேரன் டிஸ்பென்சரி நிலம் தனக்கே சேர வேண்டும் என்று சென்னையிலிருந்து கேஸ் போட்டார். பதிவு அலுவலகத்தில் பத்திரத்தின் முழு நகலையும் வாங்கியிருந்தார்கள். அதில் இரண்டாம் பக்கமும் இருந்தது.

கோர்ட்டில் ரிஜிஸ்டரை ஒப்படைக்கச் சொன்னார்கள். முந்தைய நாள் செயலாளர் என்னிடம் வந்தார். "காத்தாயிக்கு அன்னிக்குக் கட்டுப் போட்டீங்கல்ல? அதை ஒரு வரி எழுதிடுங்க, கேஸுக்கு உதவும். நடந்ததுதானே, பொய்யா எழுதச் சொல்றேன்?"

பேனாவைத் திறந்தேன். அதே சிவப்பு மை கூட இருந்தது. "பழைய தேதியில எழுதறது தப்பு சார்" என்று மூடிவிட்டேன். நேர்மை என்று அன்றைக்கு நினைத்தேன். என் ரிஜிஸ்டரில் கறை படக் கூடாது என்ற வீம்பாகவும் இருக்கலாம். இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

நான் கூண்டில் நிற்கும்போதே வக்கீல் இரண்டாம் பக்கத்தை வாசித்தார். வேதகிரியாரிடம் வேலை பார்த்த ஒரு படகோட்டியின் மனைவிக்குப் பிரசவ வலி கண்டிருக்கிறது. அவளைப் படகில் போட்டுப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். அன்று இங்கிலாந்து ராஜாவின் பிறந்த நாள் என்று கதவு பூட்டியிருந்ததாம். படிக்கட்டிலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அதனால் இந்த டிஸ்பென்சரியை எவருடைய பெயராலும், எந்தக் கொண்டாட்டத்துக்காகவும் ஒரு நாள்கூட அடைக்கக் கூடாது, அடைத்தால் நிலம் வாரிசுகளுக்குத் திரும்பிவிடும் என்று பெரியவர் எழுதிவைத்திருந்தார்.

அவர் எதற்காக அந்தக் கதவைத் திறந்துவைத்தாரோ, அதை அவர் பெயரைச் சொல்லியே நான் பூட்டியிருக்கிறேன்.

காத்தாயி சாட்சி சொல்ல வந்தாள். "அன்னிக்கி இந்த சாருதான் கட்டு போட்டாரு. தோ பாருங்கோ, தழும்பு கீது" என்று கையை விரித்து நீதிபதிக்குக் காட்டினாள்.

"தழும்புல தேதி போட்டிருக்காம்மா?" என்றார் வக்கீல்.

தீர்ப்பு எதிராக வந்தது. அப்பீலுக்குப் போக வேண்டும் என்று டாக்டரம்மா மட்டும் கத்தினார். கமிட்டிக்காரர்கள் சமாதானமாகப் போய்விட்டார்கள்.

5. பிறகு

டிஸ்பென்சரியைக் காலி செய்த அன்று சட்டத்தைக் கழற்றி அட்டையைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கம் பொட்டு, கறை எதுவும் இல்லாமல் புதுசாக இருந்தது. கண் தெரிந்த எவனும் படிக்கக்கூடிய கையெழுத்துதான். தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வருடம் காத்தாயியின் மகள் செல்விக்கு வலி எடுத்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்து பார்த்து, கடைசியில் ஷேர் ஆட்டோவில் ஏற்றிச் செங்கல்பட்டுக்குக் கிளம்பியிருக்கிறார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் ஆட்டோவிலேயே பிறந்துவிட்டது. பிள்ளை தங்கவில்லை. எங்கள் பிரசவ அறை அவர்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

இப்போது அந்த இடத்தில் விடுதி வந்துவிட்டது. பெரியவர் சிலையை வரவேற்பறையில் வைத்திருக்கிறார்கள். நினைவு நாளில் மாலை போடுகிறார்களாம். வாசல் போர்டில் வருடத்தின் எல்லா நாட்களும் திறந்திருக்கும் என்று எழுதியிருக்கிறது.

நான் கற்றது இரண்டுதான். கையில் கொடுத்த காகிதத்தைக் கும்பிடுவதற்கு முன்னால் கடைசி வரிவரை படியுங்கள். நோயாளி எந்த நாளில் வந்தாலும் பெயரை எழுதுங்கள், பக்கம் எப்படிப் போனாலும் போகட்டும். இதைத் தெரிந்துகொண்டு எனக்கு இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

போன மாதம் பஸ் ஸ்டாப்பில் காத்தாயியைப் பார்த்தேன். மீன் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். மகள் மறுபடி முழுகாமல் இருக்கிறாளாம். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சாரு, உனக்குத் தெரியாததா. நடந்து போற தூரத்துல எங்கனா ஆஸ்பத்திரி கீதா?" என்று கேட்டாள்.

பஸ் வந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறிப்போனாள்.