பேங்குக்கு எழுதிய கணக்கு

அக்காவுக்கு ஓர் அறை கட்டித் தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தபோது என் மனக்கணக்கில் பதினைந்து லட்சம் இருந்தது. அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. அலுவலகத்தில் யாரோ எப்போதோ சொன்னதாக இருக்கலாம். நாங்கள் கிளார்க்குமார் பிளேன்டீ குடித்துக்கொண்டே ஒருவருக்கொருவர் மாடி வீடெல்லாம் கட்டிக் கொடுப்போம். சீமெந்து விலை எங்களுக்கு ஒரு பொருட்டே அல்ல.

அக்கா மடுல்கெல்லையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டின் ஒற்றை அறைக் காம்பராவில் இருக்கிறாள். முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். அத்தான் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. நான் கண்டியில் தங்கிப் படித்ததும், அதனால் இந்த உத்தியோகம் கிடைத்ததும் அவளுடைய கொழுந்துச் சம்பளத்தில்தான். இப்போது அவளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. லயத்துக் கழிவறைக்கு இருபத்தெட்டுப் படி இறங்க வேண்டும். ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்தவளைப் பக்கத்துக் காம்பராக்காரர்கள் தூக்கி வந்து படுக்க வைத்தார்கள்.

அதைக் கேட்ட அன்றுதான், "வீட்டோட ஒரு ரூம இழுத்து, உள்ளயே பாத்ரூமும் போட்டுத் தாரேன். வந்துரு அக்கா" என்று போனில் சொன்னேன். அக்கா அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். அழுதபோது பொய்யாக அழவில்லை, அதை மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

எங்கள் வீடு கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டைக்கு மேலே ஒரு சரிவில் இருக்கிறது. மடவளையிலிருந்து ஒரு மேசன் பாஸ், அதாவது கொத்து மேஸ்திரி, வந்து, டேப்பை ஒரு நுனியில் என்னையே பிடிக்கச் சொல்லி அளந்தார். மூன்றாம் நாள் ஒரு தாளை நீட்டினார். முப்பத்து நான்கு லட்சம்.

"ஒரு ரூமுக்கா?" என்றேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"ரூமுக்கு இல்ல சேர், மண்ணுக்கு. கீழால தாங்கு செவரு கட்டாம நான் இதில கைய வெக்க மாட்டன். மழைக்கு மண்ணு எறங்கிட்டு ஈக்கிது, நீங்க பாக்கல்லயா?"

நான் பார்க்கவில்லை. துணி காயப்போடும் கம்பம் சாய்ந்திருந்ததைப் பார்த்திருந்தேன். மனைவி ஈரத் துணியை அளவுக்கு மீறித் தொங்கவிடுகிறாள் என்று அவளைத்தான் ஏசியிருந்தேன்.

மனிதர் என் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறார் என்று எனக்குச் சந்தேகம். கண்டி டவுனில் இன்னொருவரிடம் போனேன். அவர் கண்ணாடி போட்ட மேசைக்கு முன்னால் என்னை உட்கார வைத்து, குடிக்க நெக்டோ சோடா வாங்கிக் கொடுத்து, முப்பத்தொன்பது லட்சம் என்றார். நெக்டோவைக் குடித்து முடிக்காமலே எழுந்து வந்தேன். மூன்றாமவர் போனில் பதினெட்டு என்றார், நான் குதித்தேன். வந்து சரிவைப் பார்த்தவர், வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே மீண்டும் மடவளைக்காரர். உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டினோம். கூரைக்குக் கொங்கிரீட் தட்டு வேண்டாம், தகடு போதும். டைல் வேண்டாம், சீமெந்துத் தரை போதும். வெளிப்பூச்சு பிறகு பார்க்கலாம். இருபத்தாறு லட்சத்துக்கு வந்தது. வங்கிக் கடன் எடுத்தால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போகும். கையைக் கடிக்கும், ஆனால் முடியும். மனைவி, "சமாளிப்போங்க. அவங்க இல்லாட்டி நீங்க எங்க?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

கடன் என்றதும் பாஸ் கேட்காமலே இன்னொரு தாள் எழுதிக் கொடுத்தார். "இது பேங்குக்கு. மத்தது நமக்கு." வங்கி மதிப்பீட்டில் ஒரு பங்கைத்தான் கடனாகத் தரும், அதனால் வங்கிக்குக் காட்டும் தாளில் எல்லாவற்றையும் கூட்டி எழுதுவது இங்கே எல்லோரும் செய்கிற காரியம்தான். அந்தத் தாளில் என் அக்காவின் அறைக்குக் கொங்கிரீட் தட்டும், பளபளக்கும் டைலும், சுடுநீர்க் குழாயும் இருந்தன. நாற்பத்தெட்டு லட்சம்.

இரண்டு தாள்களையும் பையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்க்கக் குட்ஷெட் நிலையத்தில் பஸ் ஏறினேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். முப்பத்து நான்கு என்று முதல் தாள் வந்த அன்றே, கோபத்துக்கு அடியில் எனக்கு ஒரு நிம்மதியும் வந்திருந்தது. கடன் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இருபது வருடமாக அலுவலகத்தில் யார் கேட்டாலும் தோட்டத்தில் பிறந்ததைச் சொல்லாமல், சொந்த ஊர் கண்டி என்றே சொல்லி வந்திருக்கிறேன். அக்கா வந்தால் வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் மலையைப் பற்றியும் லயத்தைப் பற்றியும் உரத்த குரலில் பேசுவாள். அவளுக்கு மறைக்க ஒன்றும் இல்லை. வெட்கங்கெட்ட காரணம். எழுதும்போதே கூசுகிறது.

காம்பராவில் அக்கா என்னைக் கதிரையில் உட்கார வைத்து, தான் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்தாள். பைக்குள் கை விட்டேன். எந்தத் தாள் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். வங்கித் தாளை எடுத்து நீட்டினேன். எழுத்து இங்கிலீஷ் என்றாலும், இலக்கத்தை அக்கா வாசிப்பாள். கொழுந்துத் தராசை முப்பத்தைந்து வருடம் பார்த்தவள்.

"நாப்பத்தெட்டா? என்னா தம்பி, அரமனையா கட்டுறாங்க?"

"சரிவு நெலம் அக்கா. கீழ மண்ணு எறங்குதாம். பெரிய செவரு ஒன்னு கட்டணுமாம்."

அவள் தாளை மடித்து என் மடியில் வைத்தாள். "ரூமு கெடக்குது, விடு. மண்ணு எறங்குதுன்னா வீட்டுல புள்ளைங்க படுக்குதுகளே? மொதல்ல அந்தச் செவுத்தக் கட்டு."

அடுத்த வாரம் என்னை வத்தேகமைக்கு வரச் சொல்லி, தன் சேமலாப நிதியில் மிச்சமிருந்த ஆறு லட்சத்தையும் வங்கியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தாள். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு முழு வாரம் இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தேன். மனைவியிடம், "அக்கா வர மாட்டேன்னுட்டா. டவுனு ஒத்துக்காதாம்" என்றேன்.

சுவர் எழும்பியது. பன்னிரண்டு லட்சம் ஆனது. எல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அதைப் பார்க்க வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கவே ஐந்து நிமிடம் எடுத்தது. சுவரைக் கையால் தட்டிப் பார்த்து, "இனி பயமில்ல" என்றாள். அந்த நேரம் பார்த்து மிச்சக் காசு வாங்க பாஸ் வந்து சேர்ந்தார்.

"இவங்கதானே ஒங்கட அக்கா?" என்று முகம் மலர்ந்து அவளிடமே பேசினார். "ஒங்களுக்குத்தான் மொதல்ல ரூம் அளந்த. செவரு முடிஞ்சிட்டிது, இன்னம் பதினாலு போட்டா ரூமும் முடிஞ்சிடும். மொத்தமே இருவத்தாறுதானே நான் சொன்ன."

தேநீர்த் தட்டோடு நின்ற மனைவி என்னைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"நாந்தான் வேணாமுன்னு சொன்னேன் பாஸ்," என்றாள். "எனக்கு டவுனு ஒத்துக்காது."

நான் மனைவியிடம் சொன்ன அதே வார்த்தை. அக்காவுக்கு அது தெரிய நியாயமே இல்லை. என்னைக் காப்பாற்ற என்ன சொல்லலாம் என்று தேடியபோது அவளுக்கும் அதுதான் அகப்பட்டிருக்கிறது. பாஸ் தலையாட்டிவிட்டுத் தேநீர் குடித்தார். நான் மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு, மனைவி உள்ளே போகும்வரை காத்திருந்து அக்காவிடம் சொன்னேன். "தப்புப் பண்ணிட்டேன் அக்கா. நாளைக்கே பாஸ வரச் சொல்றேன். ரூம போட்டுறலாம்."

அக்கா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"போன்ல கூப்புட்டியே, அன்னிக்கே வந்திருப்பேன் தம்பி. இப்ப வந்தா, காலையில எந்திரிச்சு என் மொகத்தப் பாக்குறப்பல்லாம் நீ தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போவ. அதப் பாத்துக்கிட்டு நான் எப்புடிப்பா இருப்பேன்?"

இல்லை அக்கா, அப்படியெல்லாம் இருக்காது, வா என்று நான் இன்னொரு தடவை சொல்லியிருக்க வேண்டும். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்ததாகக்கூட இப்போது தோன்றுகிறது. நான், மடுல்கெல்லைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.